ஸ்விங் ஆர்ம் தேய்ந்துவிட்டதா? பழுது பார்ப்பதா, மாற்றுவதா? பைக்கில் பாரம் ஏற்றும் விவசாயிகளுக்கான வழிகாட்டி

விடியற்காலையில் பால் கேன், பிறகு தீவனக்கட்டு, மதியம் உர மூட்டை, மாலையில் பிள்ளைகளை டியூஷனில் இருந்து அழைத்து வருவது. கிராமத்தில் ஒரு பைக் செய்யும் வேலை இவ்வளவு. ஷோரூமில் விற்கும்போது இரண்டு பேர் தார்ச்சாலையில் போவதற்கான வண்டி அது. நம் கையில் வந்ததும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மூட்டை சுமக்கிறது. அந்தப் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம்.

எஞ்சின் ஆயிலையும் டயரையும் கவனிக்கும் நாம் இந்தப் பாகத்தைப் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. இது தேய்ந்தால் வண்டி நிற்காது, ஸ்டார்ட் ஆகாமலும் போகாது. ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் பின்பக்கம் லேசாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு நாமும் பழகிவிடுவோம். பாரத்தோடு ஒரு வளைவில் பிரேக் பிடிக்கும்போதுதான் விஷயம் தெரியும். அதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி, எப்போது புஷ் மாற்றினால் போதும், எப்போது ஆர்மையே மாற்ற வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

ஸ்விங் ஆர்ம் என்பது எது?

பின்சக்கரத்தின் இருபக்கமும் நீளும் இரும்புக் கைகள்தான் ஸ்விங் ஆர்ம். இதன் முன்முனை, எஞ்சினுக்குப் பின்னால் சேசிஸில் ஒரு நீளமான போல்ட்டால் கோர்க்கப்பட்டிருக்கும். பின்முனையில் உள்ள நீள்துளையில் சக்கரத்தின் ஆக்சில் உட்கார்ந்திருக்கும். பின் ஷாக் அப்சார்பர்களின் கீழ்முனையும் இதில்தான் மாட்டப்பட்டிருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது இந்த ஆர்ம் முன்பக்க போல்ட்டை மையமாக வைத்து மேலும் கீழும் அசையும். மேலும் கீழும் மட்டுமே அசையலாம். பக்கவாட்டில் அசைந்தால் அது கோளாறு.

போல்ட்டுக்கும் ஆர்முக்கும் நடுவில் தேய்மானத்தை வாங்கிக்கொள்ள இருபக்கமும் புஷ் இருக்கும். இதில் மூன்று வகை உண்டு.

- ரப்பர் புஷ்: வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஒரு குழல், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளில் இதுதான். இதற்கு கிரீஸ் தேவையில்லை.
- உலோக அல்லது நைலான் புஷ்: உள்ளே ஒரு குழல் சுழலும். இதற்கு கிரீஸ் அவசியம்.
- ஊசி பேரிங்: பெரிய சிசி வண்டிகளில் இருக்கும். இதற்கும் கிரீஸ் வேண்டும்.

உங்கள் வண்டியில் எந்த வகை என்பதை மெக்கானிக்கிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாட்டும் முறை வகைக்கு வகை மாறும்.

விவசாயி வண்டியில் மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

முதல் காரணம் பாரம். 40 லிட்டர் பால் சுமார் 41 கிலோ. கேனையும் சேர்த்தால் ஒரு கேன் 50 கிலோவை நெருங்கும். இரண்டு கேன் என்றால் ஒரு ஆளை விட அதிகம். யூரியா மூட்டை 45 கிலோ, டிஏபி 50 கிலோ.

இரண்டாவது காரணம், அந்தப் பாரம் இருக்கும் இடம். பின் ஆக்சிலுக்கு ஓர் அடி பின்னால், கேரியரின் நுனியில் 40 கிலோவைத் தொங்கவிட்டால் பின்சக்கரத்தின் மேல் விழும் பாரம் 40 கிலோ அல்ல, ஏறக்குறைய 50 கிலோ. மிச்சமுள்ள 10 கிலோ முன்சக்கரத்தைத் தூக்குகிறது. ஏற்றத்துக்கும் நெம்புகோலுக்கும் உள்ள அதே கணக்குதான். ஒரு பக்கம் கேன், மறுபக்கம் ஒன்றுமில்லை என்றால் ஆர்ம் முறுக்கப்படுகிறது.

மூன்றாவது காரணம் துரு. யூரியாவும் பொட்டாஷும் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பின் மேல் உப்புத் தண்ணீராக ஒட்டிக்கொள்ளும். சாணம், மாட்டுச் சிறுநீர், சேறு எல்லாம் ஆர்மின் அடிப்பக்கத்தில்தான் படியும். ஆர்மின் அடியில் தண்ணீர் வடிய சிறு துளை இருக்கும். சேறு அதை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளிருந்து அரிக்கும்.

இந்த அறிகுறிகள் உண்டா?

- வளைவில் திரும்பும்போது பின்பக்கம் தனியாக நெளிவது போன்ற உணர்வு.
- ஆக்சிலேட்டரை முறுக்கும்போதும் விடும்போதும் அடியில் இருந்து 'டக்' என்ற சத்தம்.
- செயினை எத்தனை முறை இறுக்கினாலும் சில நாளில் தளர்வது, ஸ்பிராக்கெட் பற்கள் ஒருபக்கமாகத் தேய்வது.
- பின் டயர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்வது.
- பின் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது.
- செயின் கேஸிலோ ஆர்மிலோ செயின் உரசிய தடம்.

இந்த அறிகுறிகளுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். செயின் செட், டயர், வீல் பேரிங் என்று ஒவ்வொன்றாக மாற்றிச் செலவு செய்த பிறகு, கடைசியில் புஷ்தான் காரணம் என்று தெரியவருவதும் உண்டு. எனவே முதலில் சோதனை, அப்புறம் செலவு.

வீட்டிலேயே செய்யும் 10 நிமிடச் சோதனை

1. வண்டியைச் சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரம் தரையைத் தொடக்கூடாது. ஆர்ம் போல்ட்டின் நட் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். சில சமயம் நட் தளர்ந்ததுதான் முழுப் பிரச்சினையும்.

2. டயரைப் பிடிக்காமல், ஆக்சிலுக்கு அருகில் ஆர்மையே இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுங்கள். இன்னொருவர் ஆர்மும் சேசிஸும் சேரும் இடத்தில் விரலை வைத்திருக்கட்டும். அங்கே 'டக் டக்' என்று தட்டினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ரப்பர் புஷ் லேசாக நெகிழ்ந்து உடனே பழைய இடத்துக்குத் திரும்புவது இயல்பு. அதைத் தேய்மானம் என்று நினைக்க வேண்டாம்.

3. இப்போது டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆர்ம் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் கோளாறு வீல் பேரிங்கில் அல்லது ஆக்சிலில். ஆர்மில் இல்லை.

4. ஒரு நூலைப் பின் டயரின் இருபக்கமும் ஒட்டி முன் டயர் வரை இழுத்துப் பிடியுங்கள். ஹேண்டில் நேராக இருக்க வேண்டும். முன் டயருக்கு இருபக்கமும் இடைவெளி ஒன்றாக இருந்தால் சக்கரங்கள் நேர்கோட்டில் உள்ளன. இல்லையென்றால் முதலில் செயின் அட்ஜஸ்டர்களின் கோடுகளை இருபக்கமும் சமமாக வையுங்கள். அப்படியும் வித்தியாசம் இருந்தால் ஆர்ம் வளைந்திருக்கலாம், அல்லது சேசிஸ் வளைந்திருக்கலாம்.

5. ஆர்மை நன்றாகக் கழுவிக் காயவிட்டு விரிசல் தேடுங்கள். ஷாக் மாட்டும் இடம், வெல்டிங் ஓரங்கள், முன்பக்கக் குறுக்குக் குழாய், ஆக்சில் துளையின் ஓரம் ஆகியவை முக்கியம். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் அல்லது டீசல் தடவிச் சில நிமிடம் கழித்துச் சுத்தமாகத் துடையுங்கள். அதன்மேல் சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் ஈரக்கோடு தெரியும். பீடி, அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

6. சிறிய சுத்தியலால் ஆர்மின் அடிப்பக்கத்தை லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். அரித்துப்போன இடம் மந்தமாக ஒலிக்கும். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் அந்த ஆர்ம் முடிந்தது.

எப்போது பழுது, எப்போது புதிது?

புஷ் மட்டும் தேய்ந்திருந்தால்: ஆர்மை மாற்றத் தேவையில்லை. இருபக்கப் புஷ்ஷையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். புஷ் விலை ஆர்ம் விலையில் ஒரு சிறு பங்குதான்.

ஆர்ம் போல்ட்டில் பள்ளம் விழுந்திருந்தால்: நகத்தை ஓட்டிப் பார்த்தால் தெரியும். புஷ்ஷோடு போல்ட்டையும் மாற்றுங்கள். ஏதோ ஒரு நீள போல்ட்டை அளவு பார்த்துப் போடாதீர்கள். அதே மாடலுக்கான போல்ட்டே வேண்டும்.

புஷ் உட்காரும் துளை பெரிதாகியிருந்தால்: புதிய புஷ் கையாலேயே உள்ளே போய்விட்டால் துளை போய்விட்டது என்று அர்த்தம். நல்ல லேத் பட்டறையில் ஸ்லீவ் போட்டுச் சரி செய்யலாம். தகரத் துண்டைச் சுற்றி அடிப்பது, புஷ்ஷை வெல்டிங் வைத்து ஒட்டுவது இரண்டும் வேண்டாம். வெல்டிங் சூட்டில் ரப்பர் அன்றைக்கே கருகிவிடும்.

செயின் கேஸ் மாட்டும் காது உடைந்திருந்தால்: வெல்டிங் போதும். அது பாரம் தாங்கும் இடம் அல்ல.

கீழ்க்கண்ட எது இருந்தாலும் ஆர்மை மாற்றிவிடுங்கள்:

- முக்கியக் குழாயிலோ முன்பக்கக் குறுக்குக் குழாயிலோ விரிசல்.
- ஷாக் மாட்டும் இடத்தில் அல்லது பிரேக் பிளேட்டைப் பிடிக்கும் டார்க் ராட் மாட்டும் இடத்தில் விரிசல்.
- துரு அரித்து ஓட்டை.
- ஆர்ம் வளைந்தோ முறுக்கியோ இருப்பது.
- செயின் உரசி ஆழமாக அறுத்திருப்பது.

"வெல்டிங் வைத்தால் இரண்டு வருஷம் ஓடும்" என்று சிலர் சொல்வார்கள். வெல்டிங் வைத்த கோடு உடையாமல் இருக்கலாம். ஆனால் அதன் ஓரத்தில் சூடுபட்ட இரும்பு அடுத்த முறை விரியும். மேலே ஆங்கிளோ பட்டையோ வைத்துப் பலப்படுத்தினாலும் அந்தப் பட்டை முடியும் இடத்தில் அழுத்தம் சேர்ந்து அங்கே உடையும். வெல்டிங் சூட்டில் ஆர்ம் கொஞ்சம் இழுத்துக்கொண்டால் சக்கரமும் கோணலாகும். பின்னால் மனைவியும் பிள்ளையும் உட்கார்ந்து வரும் வண்டி அது என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

எந்த வெல்டிங் வேலையாக இருந்தாலும் ஆர்மைக் கழற்றி எடுத்துப்போய்ச் செய்யுங்கள். வண்டியிலேயே வைத்துச் செய்தே ஆக வேண்டும் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். 2020-க்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருப்பதால், அதன் கம்ப்யூட்டர் இணைப்பையும் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கைத் தள்ளி வைக்க வேண்டும்.

மாற்றும் முறை

ஸ்பேனர் பிடித்துப் பழகியவர்கள் தாங்களே செய்யலாம். மற்றவர்கள் மெக்கானிக் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க இதைத் தெரிந்துகொள்ளலாம்.

1. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். முன் டயருக்குக் கல் வையுங்கள். பின்சக்கரம் கழன்றதும் வண்டி முன்பக்கம் சாயும்.

2. செயின் அட்ஜஸ்டர் எந்தக் கோட்டில் இருக்கிறது என்பதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் ராட், டார்க் ராட், செயின் லாக், ஆக்சில் நட் ஆகியவற்றை வரிசையாகக் கழற்றிச் சக்கரத்தை எடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் செயின் ஆர்மைச் சுற்றி ஓடுவதால் செயின் லாக்கைக் கழற்றாமல் ஆர்ம் வெளியே வராது.

3. ஷாக்குகளின் கீழ் நட்டைக் கழற்றுங்கள். இப்போது ஆர்மை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். உலோக புஷ் என்றால் தடங்கல் இல்லாமல் அசைய வேண்டும். ரப்பர் புஷ் என்றால் இறுக்கமாக இருந்து கை விட்டதும் திரும்ப வேண்டும். ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் தொளதொளவென்று விழுந்தால் ரப்பர் குழலை விட்டுப் பிரிந்துவிட்டது.

4. ஆர்ம் போல்ட்டைக் கழற்றுவதுதான் கடினமான வேலை. பல வருடம் கழற்றாத போல்ட் உள்குழலோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முதல் நாள் இரவே இருமுனையிலும் துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். மறுநாள் போல்ட் தலையை ஸ்பேனரால் இருபக்கமும் திருப்பித் தளர்த்துங்கள். அடிக்க வேண்டி வந்தால் நட்டை மரையின் நுனிவரை திருகி வைத்து, மரக்கட்டை வைத்து அடியுங்கள். நேராக மரையில் அடித்தால் நுனி விரிந்து போல்ட் வெளியே வரவே வராது.

5. பழைய புஷ் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துவிட்டுக் கழற்றுங்கள். லேத் பட்டறையில் உள்ள பிரஸ்ஸில் கொடுத்து எடுப்பதும் மாட்டுவதும் நல்லது. சுத்தியலால் அடித்தால் புஷ் சாய்ந்து ஏறி, துளையைக் கீறிவிடும்.

6. துளையைத் துரு இல்லாமல் துடைத்து, புதிய புஷ்ஷை நேராக, அளந்த ஆழத்துக்கு ஏற்றுங்கள். ரப்பரில் டீசலோ ஆயிலோ கிரீஸோ படக்கூடாது. ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். உலோக புஷ் என்றால் உள்ளே தாராளமாக கிரீஸ் வையுங்கள்.

7. போல்ட்டின் தண்டில் மட்டும் மெல்லிய கிரீஸ் தடவி மாட்டுங்கள். அடுத்த முறை எளிதாகக் கழற்ற உதவும்.

8. இது மிக முக்கியம். ரப்பர் புஷ் வண்டியில் ஆர்ம் தொங்கும்போது நட்டை முழுவதும் இறுக்காதீர்கள். கையால் திருகும் அளவுக்கு மட்டும் விட்டு, ஷாக், சக்கரம் எல்லாம் மாட்டி, வண்டியை ஸ்டாண்டில் இருந்து இறக்கி, ஒருவர் சீட்டில் உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். தொங்கும் நிலையிலேயே இறுக்கினால், ஆள் ஏறி உட்காரும் ஒவ்வொரு முறையும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். புதிய புஷ் சில மாதத்தில் கிழிந்துவிடும். "புது புஷ் போட்டும் நிற்கவில்லை" என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

9. நட் பழையதாகி எளிதாகத் திருகினால் புதிய செல்ஃப் லாக் நட் போடுங்கள். டார்க் ராட்டிலும் ஆக்சிலிலும் இருக்கும் ஸ்பிளிட் பின்னை எப்போதும் புதிதாகப் போடுங்கள். செயின் லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

10. செயின் தொய்வு, பிரேக் பெடல் இரண்டையும் சரிபாருங்கள். பல 100 சிசி வண்டிகளில் செயின் தொய்வு 2 முதல் 3 சென்டிமீட்டர். உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. முதலில் பாரம் இல்லாமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓடிய பின் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஆர்ம் வாங்கும்போது கவனிக்க

மாடலோடு வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். ஒரே பெயர் கொண்ட வண்டியிலும் டிரம் பிரேக், டிஸ்க் பிரேக் என்று ஆர்ம் மாறும். பழையதையும் கையோடு எடுத்துப்போய் அருகருகே வைத்து அளவு பாருங்கள். எடை குறைவாக இருந்தால் குழாய் மெல்லியது என்று பொருள்.

பழைய இரும்புக் கடையில் வாங்குவதானால், முன்துளையில் ஒரு நேரான கம்பியையும் ஆக்சில் துளையில் ஒரு நேரான கம்பியையும் செருகுங்கள். இரண்டு கம்பிக்கும் உள்ள தூரத்தை வலப்பக்கமும் இடப்பக்கமும் அளங்கள். பிறகு பின்னால் நின்று ஒரு கம்பியை மறுகம்பியோடு சேர்த்துப் பாருங்கள். தூரம் வேறுபட்டாலோ, கம்பிகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து தெரிந்தாலோ அது விபத்தில் அடிபட்ட வண்டியின் ஆர்ம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். புதிதாகப் பெயின்ட் அடித்து விற்றால் வெல்டிங் ஓரங்களைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள்.

நீண்ட நாள் உழைக்க

- கேன்களை இருபக்கமும் சமமாக, ஆக்சிலுக்கு முன்னால் வரும்படி மாட்டுங்கள். ஒரு கேன் மட்டும் என்றால் அதை நடுவில் வைத்துக் கட்டுங்கள். பாதி நிரம்பிய இரண்டு கேனை விட முழுதாக நிரம்பிய ஒரு கேன் குறைவாகக் குலுங்கும்.
- இரண்டு ஷாக்குகளின் ஸ்பிரிங் அட்ஜஸ்டரும் ஒரே படியில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஆர்ம் முறுக்கப்படும். ஒரு ஷாக் ஆயில் கசிந்தால் இரண்டையும் மாற்றுங்கள்.
- ஆர்மின் மேல் செயின் உரசாமல் இருக்கப் போட்டிருக்கும் ரப்பர் பட்டையைப் பாருங்கள். அது தேய்ந்த பிறகு செயின் ஆர்மைத்தான் அறுக்கும்.
- உரம் ஏற்றிய அன்றே அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். வடிதுளையைக் கம்பியால் குத்தி விடுங்கள்.
- பெயின்ட் உரிந்த இடத்தைத் தேய்த்து ரெட் ஆக்சைடு பூசி, மேலே பெயின்ட் அடியுங்கள்.
- வருடத்துக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசியில் ஆர்ம் போல்ட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவி மாட்டச் சொல்லுங்கள். போல்ட் ஒட்டாது, புஷ்ஷின் நிலையும் தெரியும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

ஆட்டம் புஷ்ஷிலா, வீல் பேரிங்கிலா என்று காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய புஷ்ஷையும் போல்ட்டையும் கையில் வாங்கிப் பாருங்கள். ரப்பர் புஷ் என்றால் வண்டியை இறக்கிய பிறகு நட்டை இறுக்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்த முறை செயின் இறுக்கப் போகும்போது, அந்த ஆர்மைக் கையால் பிடித்து ஒருமுறை பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். அரை நிமிட வேலைதான். தட்டும் சத்தம் கேட்டால், புஷ் மாற்றும் வரை பாரமும் ஏற்ற வேண்டாம், பின்னால் ஆளும் ஏற்ற வேண்டாம்.